ஷேக்கர் முதல் லாரி வரை: கடல் ரிக் கழிவில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் முறையும்

நம் பக்கத்திலிருந்து, உவரியோ திசையன்விளையோ ராதாபுரமோ, மும்பை ஹை, காக்கிநாடா, வளைகுடா என்று கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் வேலைக்குப் போகிற தம்பிமாருக்காக இதை எழுதுகிறோம். தோண்டும்போது துளைக்குள் செலுத்துகிற சேற்றுத் திரவம்தான் மட். அது மேலே கொண்டுவரும் நொறுங்கு கல் கட்டிங்ஸ். இரண்டையும் அதிரும் வலையில், அதாவது ஸ்க்ரீனில், சலித்துப் பிரிக்கிற இயந்திரம் ஷேக்கர். ஷேக்கர் அறையில் நிற்கிறவருக்கும், கரை யார்டில் கட்டிங்ஸ் பெட்டி இறக்குகிறவருக்கும் இது பயன்படும். கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும். எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதும் அங்கங்கே இருக்கிறது.

ஆரம்பத்திலேயே ஒன்று. பெட்டி பற்றாக்குறை, ஒழுகல், எடை அதிகம், கரையில் தகராறு என்று வருகிற முக்கால்வாசிச் சிக்கலுக்கு வேர் ஷேக்கரில்தான் இருக்கிறது. அதனால் முதல் அறிகுறிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

அறிகுறி 1: கட்டிங்ஸ் சொதசொதவென்று விழுகிறது

கையுறை போட்டு ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். புட்டு மாவு மாதிரி பிடித்தால் சேர்ந்து, தட்டினால் உதிர வேண்டும். கொழுக்கட்டை மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு விரலிடுக்கில் மட் வடிந்தால் ஈரம் அதிகம்.

*மட் ஸ்க்ரீனின் முன்விளிம்பு வரை ஓடி வருகிறது என்றால்*

சரியாக ஓடும் ஷேக்கரில் ஸ்க்ரீன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரைதான் மட் நிற்கும். மிச்ச இடத்தில் கட்டிங்ஸ் மட்டும் காய்ந்து நகரும். அந்தக் காய்ந்த பகுதி இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. எல்லா ஷேக்கருக்கும் மட் சமமாகப் பிரிகிறதா? ஒன்றில் வெள்ளம், பக்கத்தில் பாதி காலி என்றால் மட் வரும் வழியில் உள்ள தடுப்புக் கேட்டைத் திருப்பினால் போதும். ஐந்து நிமிட வேலை.
2. டெக் சாய்வு, அதாவது ஸ்க்ரீன் படுக்கையின் சாய்வு. முன்பக்கத்தை ஒரு படி தூக்கினால் மட் பின்னுக்கு நிற்கும். அளவுக்கு மேல் தூக்கினால் கட்டிங்ஸ் ஏற முடியாமல் அங்கேயே புரண்டு பொடியாகி ஸ்க்ரீன் வழியாக மட்டுக்குள் போய்விடும். ஒரு படி ஏற்றுங்கள், பத்து நிமிடம் பாருங்கள், பிறகு அடுத்த படி.
3. ஸ்க்ரீன் கண் அடைப்பு. ஷேக்கரை நிறுத்தி, பூட்டுப் போட்டு, ஸ்க்ரீனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்ணளவே உள்ள மணல் செருகியிருந்தால் சொரசொரப்பாகத் தெரியும். களிமண் பூசியிருந்தால் வழவழவென்று இருக்கும்.
4. மணல் அடைப்பென்றால் ஸ்க்ரீன் அளவை ஒரு படி மாற்ற வேண்டும். பலர் செய்யும் தவறு, ஏபிஐ 140-இலிருந்து நேரே 80-க்கு இறங்குவது (இந்த எண் கூடக் கூட வலைக்கண் நுண்ணியதாகும்). ஒரே படி இறங்குங்கள். சில சமயம் ஒரு படி நுண்ணியதாக, 170-க்கு ஏறினால் அந்த மணல் செருகாமல் மேலேயே உருண்டு போய்விடும். இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்க்ரீனைக் கழுவுவதில் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் மட் ஓடுகிறபோது தண்ணீர்க் குழாயைத் தூக்காதீர்கள். தண்ணீர் மட்டுக்குள் இறங்கி எண்ணெய்–நீர் விகிதத்தைக் கெடுக்கும், கட்டிங்ஸையும் ஈரமாக்கும். பேஸ் ஆயிலில் (எண்ணெய் மட்டுக்கு அடிப்படையான எண்ணெய்) மென்மையாக, அடிப்பக்கத்திலிருந்து கழுவுங்கள். அழுத்தக் குழாயை ஒரு சாண் தூரத்தில் வைத்து அடித்தால் மேல் வலை கிழியும். அந்தக் கிழிசல் அடுத்த ஷிப்டில் மட்டில் ஏறும் மணலாகத் தெரியவரும்.

*மட் பின்னாலேயே நிற்கிறது, ஆனால் கட்டிங்ஸ் முன்னே நகரவில்லை என்றால்*

சுளகில் புடைக்கிறபோது தானியம் ஒரு பக்கமாக ஏற வேண்டும். வட்டமாகச் சுழன்றால் புடைக்கிற கை சரியில்லை. ஷேக்கரும் அப்படித்தான். நேர்கோட்டு அசைவு ஷேக்கரில் இரண்டு மோட்டாரும் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். ஒரு மோட்டாரை மாற்றிய பிறகோ கேபிளைத் திரும்பக் கோத்த பிறகோ இந்தக் கோளாறு வந்தால், ஒரு மோட்டாரின் கம்பி மாறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஸ்க்ரீனைத் தாங்கும் கூடையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அசைவு அட்டையைப் பார்த்தால் கோடு தெரிகிறதா, வட்டம் தெரிகிறதா என்று உடனே புரியும். வட்டம் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது வெடிகாப்பு மோட்டார். அந்தப் பெட்டியை நீங்கள் திறக்கக் கூடாது.

*ஒரு பக்கம் மட்டும் மட் தேங்குகிறது என்றால்*

ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தாங்கும் ஸ்பிரிங் ஒன்று உட்கார்ந்திருக்கும், அல்லது ஜாக்-அப் ரிக்கே (கடலடியில் காலூன்றி நிற்கும் ரிக்) இம்மியளவு சாய்ந்திருக்கும். ஸ்பிரிங்கைத் தனியாக மாற்றாமல் அந்தப் பக்க ஜோடியாக மாற்றுங்கள்.

*கட்டிங்ஸ் நன்றாகக் காய்கிறது, ஆனால் மட்டில் மணல் ஏறுகிறது என்றால்*

ஸ்க்ரீன் கிழிந்திருக்கிறது, அல்லது ஸ்க்ரீனுக்கு அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து இடுக்கு வழியாக மட் நேரே இறங்குகிறது. ரப்பர் விலை மலிவு. ஸ்க்ரீன் மாற்றும்போதெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் வெள்ளம் அடங்கவில்லை என்றால் மட் இன்ஜினியரிடம் சொல்லுங்கள். மட் குளிர்ந்து கெட்டியாகியிருக்கலாம், பம்பைக் குறைக்க வேண்டியிருக்கலாம். ஷேக்கரைத் தாண்டி மட்டை நேரே தொட்டிக்கு விடுகிற பைபாஸை மட்டும் சொந்த முடிவில் திறக்காதீர்கள். அரை மணி நேரம் திறந்தால் உள்ளே போகிற நொறுங்கு கல் பம்பில் அரைபட்டுத் தூளாகிவிடும். பிறகு எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது. புது மட் ஊற்றி நீர்க்கச் செய்வதுதான் வழி. ஊற்றியதற்கு ஈடான பழைய மட் முழுவதும் கழிவாகிவிடும்.

அறிகுறி 2: டிரையர் ஓடுகிறது, எண்ணெய் சதவீதம் இறங்கவில்லை

முதலில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். டிரையர் என்பது கட்டிங்ஸைக் கூடையில் வேகமாகச் சுழற்றி எண்ணெயைப் பிரித்தெடுக்கும் இயந்திரம். செங்குத்து டிரையர் நன்றாக ஓடினால் கட்டிங்ஸில் எடைக்கு 2 முதல் 5 சதவீதம் எண்ணெய் தங்கும். இந்தியாவில் 2005 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விதிமுறையில், எண்ணெய் தாங்கிய கட்டிங்ஸுக்கு எல்லை கிலோவுக்கு 10 கிராம். அதாவது 1 சதவீதம். வடகடல் நாடுகளும் அதே 1 சதவீதத்தைத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே டிரையர் எவ்வளவு அருமையாக ஓடினாலும் அந்தக் கட்டிங்ஸ் கடலுக்குத் தகுதியாகாது. இந்த விதிமுறைப்படி டீசல் மட்டுக்கு அனுமதியே இல்லை. சிக்கலான துளைக்காக நச்சு குறைந்த எண்ணெய் மட் பயன்படுத்தினால், கட்டிங்ஸ் கரைக்கு வர வேண்டும், அல்லது பூமிக்குள் திரும்பச் செலுத்தப்பட வேண்டும். டிரையர் உங்களுக்குச் செய்வது எண்ணெயை மீட்பதும் பெட்டி எண்ணிக்கையைக் குறைப்பதும்தான்.

எண் 5-க்கு மேலேயே நின்றால்:

- ஊட்டம் சீராக வருகிறதா பாருங்கள். ஆகர் (கட்டிங்ஸைத் தள்ளிக் கொண்டுபோகும் திருகுத் தண்டு) கொஞ்சம் நின்று பிறகு மொத்தமாகக் கொட்டினால் கூடை திணறும்.
- கூடைக் கண்ணில் மட் காய்ந்து பிடித்திருக்கும். நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் பேஸ் ஆயில் விட்டுக் கழுவாத டிரையரில் இது நிச்சயம் வரும்.
- வி-பெல்ட் தளர்ந்து சுற்று குறைந்திருக்கலாம். கருகிய ரப்பர் வாடை வரும்.
- கூடைக்கும் சுரண்டும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி தேய்மானத்தால் அகன்றிருக்கும். இது சர்வீஸ் ஆளின் வேலை. அளவுக்கட்டை இல்லாமல் குத்துமதிப்பாக இறுக்கினால் தகடு கூடையைக் கிழித்துவிடும்.

கீழே வரும் எண்ணெய் திடீரென்று கூழ் மாதிரி ஆனால் கூடை கிழிந்துவிட்டது. அதிர்வு கூடினால் காத்திருக்க வேண்டாம், நிறுத்துங்கள். டிரையரிலிருந்து மீண்ட எண்ணெயில் தூள் நிறைய இருக்கும். சென்ட்ரிஃப்யூஜ் (சுழற்றித் தூளைப் பிரிக்கும் இயந்திரம்) வழியாக விட்ட பிறகே மட் தொட்டியில் சேருங்கள்.

அறிகுறி 3: ரிடார்ட்டு எண்ணையே நம்ப முடியவில்லை

ரிடார்ட்டு என்பது கட்டிங்ஸைச் சுட்டு, அதில் உள்ள எண்ணெயையும் நீரையும் அளக்கிற கருவி. ஒரே கட்டிங்ஸில் காலையில் 4 சதவீதம், மாலையில் 8 என்று வந்தால் டிரையரைக் குற்றம் சொல்லும் முன் சோதனையைச் சரிபாருங்கள். 50 மில்லி ரிடார்ட்டில் ஒரு கணக்கு:

ஈரக் கட்டிங்ஸ் 85 கிராம். சுட்ட பிறகு உலர்ந்த கல் 72 கிராம். தண்ணீர் 7 மில்லி, அதாவது 7 கிராம். எண்ணெய் 6 மில்லி, அடர்த்தி 0.80 என்றால் 4.8 கிராம். எண்ணெய் சதவீதம் 4.8-ஐ 85-ஆல் வகுத்து நூறால் பெருக்க, 5.6.

இப்போது மூன்றையும் கூட்டுங்கள்: 83.8 கிராம். போட்டதில் 98.6 சதவீதம் திரும்பி வந்திருக்கிறது. இது 95-க்கும் 105-க்கும் நடுவே இருந்தால் சோதனை செல்லும். 95-க்குக் கீழே என்றால் ஆவி தப்பியிருக்கிறது. மரையில் வெப்பந்தாங்கும் கிரீஸ் பூசவில்லை, அல்லது மூடி முழுவதும் இறுகவில்லை. 105-க்கு மேலே என்றால் எடை போட்டதில் பிழை, அல்லது முந்தைய சோதனையின் மிச்சம் குழாயில் இருந்திருக்கிறது. குழாயைத் தூரிகை விட்டுத் துடைத்து, இரும்புக் கம்பளியைப் புதிதாக வைத்துத் திரும்பச் சுடுங்கள். கடைசிச் சொட்டு விழுந்த பிறகும் பத்து நிமிடம் விட்டுத்தான் அடுப்பை அணைக்க வேண்டும். எண்ணெய் அடர்த்தியை உங்கள் பேஸ் ஆயில் தாளிலிருந்து எடுங்கள். எல்லா எண்ணெய்க்கும் 0.80 என்று போடாதீர்கள்.

மாதிரியை எங்கே எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். பெட்டியின் மேல்பரப்பிலிருந்து எடுத்தால் குறைத்துக் காட்டும், ஏனென்றால் எண்ணெய் அடிக்கு வடிந்திருக்கும். விழுகிற இடத்திலேயே பிடியுங்கள்.

அறிகுறி 4: ஆகர் நின்றுவிட்டது

கை போகிற, விரல் போகிற இடம் இது. மோட்டார் நின்றிருப்பதால் ஆகர் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே முறுக்கு தேங்கியிருக்கும். அடைப்பை எடுத்த நொடியில் அரைச்சுற்று சுற்றும்.

முதலில் வாக்கி-டாக்கி: "அண்ணாச்சி, ஆகர் நின்னுட்டு. பம்பைக் குறைக்கச் சொல்லுங்க, ஷேக்கர் கொட்டுறதுக்கு இடமில்ல." ஆகர் நின்ற பிறகும் ஷேக்கர் கொட்டிக்கொண்டே இருந்தால் பத்து நிமிட அடைப்பு இரண்டு மணி நேர அடைப்பாகிவிடும்.

பிறகு அவசர நிறுத்தக் கயிறு யாராவது இழுத்து விட்டார்களா என்று பாருங்கள். பாதிக்குப் பாதி அதுதான். இல்லையென்றால் மின்சாரத்தை வெட்டி, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்துவிட்டு மூடியைத் திறங்கள். நீளமான கம்பியாலோ மண்வெட்டியாலோ மட்டும் கிளறுங்கள். உள்ளே கந்தல், கையுறை, மரத்துண்டு கிடைக்கும். களிமண் உருண்டை என்றால் பேஸ் ஆயில் விட்டு இளக்குங்கள். எடுத்த பிறகு முன்னுக்கு ஓட்டும் முன் சிறிது பின்னுக்கு ஓட்டிப் பாருங்கள்.

ஓவர்லோடு சுவிட்ச் (பாரம் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துவது) மூன்றாவது தடவை விழுந்தால் நான்காவது தடவை மேலே தள்ளாதீர்கள். தொங்கும் பேரிங் போயிருக்கும், அல்லது தண்டே வளைந்திருக்கும். மெக்கானிக் வேலை.

அறிகுறி 5: சென்ட்ரிஃப்யூஜ் அதிர்கிறது, அல்லது ஷியர் பின் (பாரம் மிஞ்சினால் உடையும் காப்பு ஆணி) உடைகிறது

பெரும்பாலும் முந்தைய ஷிப்ட் கழுவாமல் நிறுத்தியதுதான். உள்ளே ஒரு பக்கம் கெட்டியான கல் பிடித்திருக்கும். ஊட்டத்தை நிறுத்திவிட்டு, சுற்று குறைக்காமல் 10 முதல் 15 நிமிடம் எண்ணெய் மட்டுக்குப் பேஸ் ஆயில், நீர் மட்டுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஓட்டத் தொடங்கும்போது முழுச் சுற்று வந்த பிறகே ஊட்டம். வெளிவரும் கல் ஈரமாக இருந்தால் ஊட்டத்தைக் குறையுங்கள். அடுத்தது உள்ளே நிற்கும் திரவ ஆழத்தைக் குறைப்பது. அதிர்வு கழுவியும் போகவில்லை என்றால் திறப்பது உற்பத்தியாளர் அனுப்புகிற ஆள் மட்டுமே.

அறிகுறி 6: காலிப் பெட்டி தீர்ந்துகொண்டே வருகிறது

கணக்கை முன்பே போட்டு வைத்தால் இது வராது. 12¼ அங்குலத் துளையில் 100 மீட்டர் தோண்டினால் 7.6 கன மீட்டர் கல். 17½ அங்குலத்தில் 15.5. 8½ அங்குலத்தில் 3.7. இது பூமிக்குள் இருக்கிற அளவு. மேலே வந்து உடைந்து மட் சேர்ந்தால் நன்றாகக் காய்ந்தது இரண்டு மடங்காகும், சொதசொதப்பானது மூன்று மடங்காகும்.

15 பீப்பாய்ப் பெட்டி என்பது 2.4 கன மீட்டர். மூடிக்குக் கீழே ஒரு சாண் விட்டு நிரப்பினால் 2.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12¼ அங்குலத்தில் 100 மீட்டருக்கு, காய்ந்தால் 7 அல்லது 8 பெட்டி. ஈரமென்றால் 11. இந்த வித்தியாசத்தை வைத்து யோசித்தால் ஷேக்கர் ரப்பரின் விலை ஒன்றுமே இல்லை.

காலிப் பெட்டி பாதிக்குக் கீழே போகும்போதே கம்பெனி மேனுக்கு (ரிக்கில் இருக்கும் எண்ணெய்க் கம்பெனியின் பிரதிநிதி) சொல்லுங்கள். கடைசிப் பெட்டியில் சொன்னால் போட் வருவதற்குள் தோண்டலை நிறுத்த வேண்டிவரும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் கடல் எப்படி இருக்கும் என்று நம் கரைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? மேற்குக் கடலில் அந்த மாதங்களில் கிரேன் ஆபரேட்டர் இறக்க மறுக்கிற நாள்கள் வரும். அவர் மறுத்தால் மறுத்ததுதான், வற்புறுத்தக் கூடாது. அதற்கான கூடுதல் பெட்டியை முன்பே டெக்கில் வைத்திருக்க வேண்டும்.

எடையும் பாருங்கள். கட்டிங்ஸ் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு கனம் என்று கொண்டால் 2.1 கன மீட்டர் 4.2 டன். பெட்டியின் சொந்த எடையைச் சேர்த்து, தகட்டில் அடித்திருக்கும் மொத்த எடைக்குள் இருக்க வேண்டும்.

அறிகுறி 7: பெட்டி ஒழுகுகிறது, அல்லது அழுகிய முட்டை வாடை வருகிறது

ஒழுகல் என்றால் மூடி ரப்பரில் கட்டிங்ஸ் ஒட்டியிருக்கும். துடைத்துத் திரும்ப மூடுங்கள். அப்படியும் வடிந்தால் ரப்பர் வெட்டுப்பட்டிருக்கிறது. கொக்கி மாட்டும் காதிலோ பற்றவைப்பிலோ விரிசல் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கக் கூடாது. சிவப்பு நாடா கட்டி ஒதுக்கிவிட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சி வேறு பெட்டிக்கு மாற்றுங்கள்.

வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு. நாள்கணக்கில் மூடிக் கிடந்த பெட்டியில் நுண்ணுயிரால் உண்டாகும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். மானி 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) காட்டினால் விலகி, பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள். வாடை சட்டென்று நின்றுவிட்டால் நிம்மதியடைய வேண்டாம். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும், அப்போதுதான் ஆபத்து அதிகம்.

அறிகுறி 8: எண்ணெய்–நீர் பிரிப்பானில் 15 பிபிஎம் அலாரம் அடங்கவில்லை

1. மானியின் கண்ணாடிக் குழாய் அழுக்கு. நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்துப் பாருங்கள். சுத்தத் தண்ணீரிலும் எண் காட்டினால் அழுக்குதான்.
2. ஒரு லிட்டர் ஜாடியில் பில்ஜ் நீரை (அடித்தளத்தில் தேங்கும் எண்ணெய் கலந்த நீர்) பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். எண்ணெய் மேலே தனியாக வந்தால் பிரிப்பானில் கோளாறு. பெரும்பாலும் வடிகட்டி அடைந்திருக்கும். பால் மாதிரியே நின்றால் தண்ணீரில் சோப்பு கலந்திருக்கிறது.
3. சோப்பு என்றால் டெக் கழுவிய ஆளிடம் எந்தக் கேனை எடுத்தார் என்று கேளுங்கள். அந்தத் தண்ணீரைத் தனித் தொட்டியில் நிறுத்தி, கரைக்கு அனுப்புங்கள்.

மாதிரிக் குழாயில் நல்ல தண்ணீரைக் கலந்து அலாரத்தை அடக்குவது குற்றம். 15 என்ற எல்லையே நீர்க்கச் செய்யாத தண்ணீருக்குத்தான்.

அறிகுறி 9: கடலில் எண்ணெய் மினுக்கம்

எல்லா வெளியேற்று வால்வையும் மூடுங்கள், பிறகு காரணம் தேடுங்கள். வெள்ளி நிறப் படலம் என்றால் ஒரு சதுர கிலோமீட்டரில் 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறமென்றால் 300 முதல் 5,000 லிட்டர். நேரம், காற்றின் திசை, படலத்தின் நீள அகலம் எழுதி வைத்து டூல்புஷரிடம் (தோண்டல் வேலையின் மேலாளர்) கொடுங்கள். சோப்போ கரைப்பானோ தெளிக்காதீர்கள். அதற்கு கடலோரக் காவல்படையின் அனுமதி வேண்டும்.

மீன்பிடிக்கப் போகிற நம் ஆள்கள் கடலில் இதைப் பார்த்தால் 1554-க்குக் கூப்பிட்டு ஜிபிஎஸ் எண்ணைச் சொல்லலாம். கரையில் ஒதுங்கும் தார் உருண்டையை மணலில் புதைக்காதீர்கள், வெயிலில் இளகி மறுபடி மேலே வரும். காலிலும் வலையிலும் ஒட்டியதற்கு மண்ணெண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்பு போட்டால் போய்விடும்.

நீர் மட்டில் வந்த, கழுவிய கட்டிங்ஸைக் கடலில் விட மேலே சொன்ன 2005 விதிமுறை இடம் தருகிறது. கிணறு ஒன்றுக்கு மணிக்குச் சராசரி 50 பீப்பாய் வேகத்தில், விட்டுவிட்டு. ஆனால் அறிவிக்கப்பட்ட உணர்திறன் பகுதிகளில் எந்த வகைக் கட்டிங்ஸும் கூடாது. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் 1989 முதல் 10,500 சதுர கிலோமீட்டர். ராமேசுவரத்திலிருந்து கன்னியாகுமரி வரை, நம் உவரியும் கூத்தங்குழியும் இடிந்தகரையும் அதன் கரையில்தான் இருக்கின்றன.

அறிகுறி 10: கரையில் சீட்டும் சரக்கும் ஒத்துப்போகவில்லை

எண்ணெய் மட் கட்டிங்ஸ் 2016 விதிகளின்படி அபாயக் கழிவு. படிவம் 10 என்ற சீட்டு ஏழு நிறத்தில் வரும். மஞ்சள் அனுப்புகிறவரிடம் தங்கும். ஆரஞ்சு லாரிக்காரருக்கு. நீலம், பெற்றுக்கொண்டவர் கையெழுத்தோடு அனுப்பியவருக்குத் திரும்ப வர வேண்டும். நீலம் வராதவரை சரக்கு போய்ச் சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எடை கூடியோ குறைந்தோ இருந்தால் முதலில் மழைநீர், வடிந்த திரவம் என்று பாருங்கள். பெட்டி எண் மாறியிருந்தால் ரிக்கில் கேட்டுத் திருத்துங்கள். பெட்டியே குறைந்தால் லாரியைக் கேட்டை விட்டு விடாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவியுங்கள். யார்டில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

"பள்ளம் நிரப்ப நல்ல மண்ணு, அண்ணாச்சி" என்று யாராவது ஒரு லோடு கறுப்புச் சேற்றை உங்கள் விளைக்குக் கொண்டுவந்தால் இறக்க விடாதீர்கள். நம் தேரி மண், இந்தச் செம்மணல், எதையும் தாங்கி நிறுத்தாது. மழைத் தண்ணீர் போலவே எண்ணெயும் உப்பும் நேரே கிணற்று ஊற்றுக்கு இறங்கும். ஏற்கெனவே கொட்டிவிட்டால் மேலே தண்ணீர் ஊற்றவோ உழவோ வேண்டாம். தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கரை எடுத்து, லாரி எண்ணையும் படத்தையும் வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை அன்றே ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துத் தேதி எழுதி வையுங்கள்.